கொடுத்தது குற்றமான காலம்

நேற்று காரைக்குடியில் ஒரு திருமண வீட்டின் வளவில், பித்தளை அண்டாக்களும் மரவைகளும் எவர்சில்வர் குடங்களும் வரிசையாகப் பரப்பியிருந்ததைப் பார்த்தபோது, கனடாவின் மேற்குக் கரைத் தொல்குடிகளின் 'பாட்லாட்ச்' விழா நினைவுக்கு வந்தது. (சீர் வரதட்சணையாக மாறுவதை நான் ஏற்பதில்லை, அது தனியே பேசவேண்டியது.) பெயர் சூட்டல், திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றை ஊரார் முன்னிலையில் உறுதிசெய்து, சாட்சியாக வந்தவர்களுக்குப் போர்வைகளையும் பண்டங்களையும் வாரி வழங்குவது அவர்களின் மரபு. சேர்த்து வைப்பதைவிடக் கொடுப்பதே அங்கே குடும்பத்தின் மதிப்பு. பத்திரமும் பதிவேடும் இல்லாத அச்சமூகத்துக்கு அந்த விழாவே பத்திரம்.

சேமிப்பே நாகரிகம் என்று நம்பிய குடியேறிகளின் அரசும் பாதிரிமார்களும் அதை வீண் செலவு, காட்டுமிராண்டித்தனம் என்று தீர்மானித்து, 1885 முதல் 1951 வரை குற்றமாக்கி வைத்தார்கள். தம் வழக்கத்தையே அளவுகோலாகக் கொண்டவர்களுக்கு, எதிரில் இருந்தது ஒரு சட்ட ஒழுங்கு என்பதே கண்ணில் படவில்லை. 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் வில்லேஜ் தீவில் நடந்த பாட்லாட்சுக்காக 45 பேர் மீது வழக்குத் தொடுத்தார்கள். நடனமாடியதும் பரிசு வழங்கியதும்கூடக் குற்றப்பட்டியலில் இருந்தன. விழாவில் அணிந்து ஆடும் மர முகமூடிகளை ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார்கள். பலர் சிறை சென்றார்கள். பாட்டன் கையால் செதுக்கியதைக் கொடுப்பதா, சிறைக்குப் போவதா என்று ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்க முடியும்?

பறிக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி மீட்கப்பட்டு, 1980இல் அலர்ட் பே ஊரில் அம்மக்களே திறந்த பண்பாட்டு மையத்தில் இருக்கிறது. ஒருமுறை பூட்டி வைக்கப்பட்டது போதும் என்று, அம்முகமூடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்காமல் வைத்திருக்கிறார்கள்.