கயிறு அறாது, முளைதான் கிளம்பும்

சின்ன விமானத்தைக் காற்றுக்குக் கட்டுவது பற்றிக் கேட்டால் எல்லோரும் கயிற்றைப் பற்றியே பேசுவார்கள். வன்னியில் மார்கழி மழைக்குப் பிறகு முதலில் கைவிடுவது நிலம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. அப்படியான நாட்களில் மண் ஊறிக் கூழாகிக் கிடக்கும்.

செஸ்னா 172 என்ற நாலு பேர் போகும் சின்ன விமானத்தின் வெறும் எடை ஏறத்தாழ 750 கிலோ. முழுச் சுமையோடு மணிக்கு 90 கிலோமீற்றர் சொச்சக் காற்றே அதைத் தூக்கப் போதும்; வெறுமையாக நின்றால் இன்னும் குறைவு. ஓடிப் போய்ச் சந்தித்த காற்றா, தேடி வந்த காற்றா என்று இறக்கைக்குத் தெரியாது. வேகம் இரட்டித்தால் தூக்கும் விசை நாலு மடங்கு. டாங்கியை நிரப்பிவிடுங்கள், 150 கிலோ கூடும்.

அலவாங்கு போல அடித்த இரும்பு முளை காய்ந்த செம்மண்ணில் நிற்கும். குளத்தோரக் களியில் பால்பல்லு மாதிரிக் கழன்று வரும். திருகி இறக்கும் நங்கூரம் பரவாயில்லை. புதைத்த கொங்கிரீட் கல் அதைவிட நல்லது. ஆனால் நிலத்தடி நீர் மேலே வந்து கல் மூழ்கினால் 100 கிலோ 60 கிலோ போலத்தான் இழுத்துப் பிடிக்கும். ஆகவே கல்லைப் பெரிதாகவே போடுங்கள்.

இறக்கை இரண்டு, வால் ஒன்று என மூன்று கட்டு. 45 பாகைச் சரிவு, ஒவ்வொரு கயிறும் 1,350 கிலோவாவது தாங்க வேண்டும். விமானத்தில் கட்டுவதற்கென்றே இருக்கும் வளையத்தில் மட்டும் கட்டுங்கள்; இறக்கையைத் தாங்கும் சாய்கம்பியில் கட்டினால் கயிறு வழுக்கிப்போய்க் கம்பியை வளைத்துவிடும். மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கும், ஒரு அங்குலம் தளர்வு விடுங்கள். அதற்குமேல் விட்டால் விமானம் துள்ளித் துள்ளி வெட்டி இழுக்கும். மாடு கட்டும் உருவு முடிச்சு இங்கே ஆகாது. உருவாத கண்ணி எப்படிப் போடுவதென்று முல்லைத்தீவில் போட் கட்டுகிற அண்ணையிடம் கேட்டால் காட்டுவார்.

மூக்கு காற்றைப் பார்க்கட்டும், சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இறக்கையிலும் வாலிலும் அசையும் சுக்கான்களை வெளியிலிருந்தும் பூட்டுங்கள். விமானி இருக்கும் அறைக்குள் போடும் ஒற்றைப் பூட்டூசி பலத்த காற்றுக்குக் காணாது. புயலின் நடு மேலால் போனால் காற்று ஓய்ந்து, எதிர்ப்பக்கத்தால் திரும்பி அடிக்கும். ஓயும் அந்த நேரத்தில் முளைகளைப் பாருங்கள். முளையைச் சுற்றி விரலளவு வளையமாகத் தண்ணீர் நின்றால் அது ஏற்கெனவே ஆடிவிட்டது.