பனி நாட்களில் செத்த கலங்கள்

வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா கேட்பார், "இன்னமும் இருட்டுக்குள்ளதான் வேல செய்யிறியா?" ஆமாம், இன்னமும் அப்படித்தான். கண்டிப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில், ஒளி பட்டால் மட்டும் புற்றுக்கலத்தைக் கொல்லும் சாயங்களோடு நான்கு வருடங்களாக இருக்கிறேன். குப்பிகளுக்கெல்லாம் அலுமினியத் தாள் சுற்றியிருக்கும். கலங்களை வளர்க்கும் தட்டுகளுக்கும் அப்படித்தான்.

டோர்ச் வெளிச்சத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சிவப்பு மட்டும்தான் தோலைக் கடந்து வரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. கடுஞ்சிவப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பு வரை, ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீற்றர் வரையுள்ள ஒளிதான் உடம்புக்குள் ஓரளவு ஆழம் போகும். அதையும் தாண்டினால் தண்ணீரே உறிஞ்சத் தொடங்கிவிடும். அந்த இடைவெளிக்குள் ஒளியைப் பிடிக்கும் சாயம் வேண்டும். பிடித்த ஆற்றலை அது பக்கத்திலுள்ள ஒட்சிசனுக்குக் கொடுக்கும். அப்படித் தூண்டப்பட்ட ஒட்சிசன்தான் கலத்தைக் கொல்லும். நீரில் அது சில மைக்ரோசெக்கன்தான் இருக்கும். அதனால் பிறந்த இடத்தைத் தாண்டி அது அதிக தூரம் போவதில்லை. பக்கத்து நல்ல கலத்துக்கு அதுவே பாதுகாப்பு.

இதே துறையில் ஆய்வாளர் ஹிசாடாகா கோபயாஷியின் குழு, புற்றுக்கலத்தைத் தேடிப்போய் ஒட்டும் பிறபொருளெதிரி என்ற புரதத்தில் ஐஆர்700 என்ற சாயத்தைக் கட்டி, 690 நானோமீற்றர் ஒளியால் தூண்டியதை 2011இல் வெளியிட்டது. அந்த வழியில் வந்த மருந்தைத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ஜப்பான் 2020இல் அங்கீகரித்தது. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு அப்பாயியின் வெற்றிலைப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வெற்றிலை போடாத வயதானவர்களை எண்ணிவிடலாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வாய் என்பது ஒளிக்குழாய் எட்டக்கூடிய இடம். நான் இந்த வேலையை விடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு பரிசோதனையிலும் இரண்டு தட்டுகள் வைப்போம். இரண்டிலும் சாயம் இருக்கும், ஒன்றுக்கு மட்டும் ஒளி கொடுப்போம். ஒளி காட்டாத தட்டில் கலங்கள் உயிரோடு இருக்க வேண்டும். சாயம் இருட்டிலேயே கொன்றால் அது வெறும் நஞ்சு, அதற்கு விளக்கு எதற்கு? போன வருடம் ஒரு புதிய சாயத்தில் இருட்டுத் தட்டுகள் சாக ஆரம்பித்தன. எல்லா நாளும் இல்லை, சில நாட்களில் மட்டும். சாயம் தண்ணீரில் திரண்டுவிட்டதோ என்று பார்த்தோம், கரைப்பானை மாற்றினோம், புதிதாகக் கரைத்துப் பார்த்தோம். ஐந்து வாரம் போய்விட்டது. "இதை விட்டுடலாம்" என்று சேர் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டினேன். நாளையும் நேரத்தையும் எழுதும் ஓரத்தில் மழை, பனி என்று ஒரு சொல் குறித்துவைப்பது என் பழக்கம். தோட்டத்தில் பிறந்தவளுக்கு வானத்தைப் பார்க்காமல் நாள் தொடங்காது. செத்த தட்டுகள் எல்லாம் பனி நாட்களில் செத்திருந்தன! வெயில் நாளில் யாராவது திரையை இழுத்துவிடுவோம். பனி மூடிய நாளில் அறை மங்கலாகத் தெரிவதால் திரையை யாரும் தொடுவதில்லை. தாளைப் பிரித்து, கலங்கள் வளரும் ஊடகத் திரவத்தை மாற்றும் இருபது நிமிடமும் தட்டு ஜன்னலோரம் இருந்திருக்கிறது. பனி மூடிய வானமும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் தரும், அதில் எங்கள் சாயத்துக்கு வேண்டிய சிவப்பும் உண்டு. நம் கண் பழகிக்கொள்கிறது. சாயம் அப்படிப் பழகாது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் பறிக்கும் தேயிலைக் கொழுந்து ஸ்டோரில் கறுப்பதற்குப் பச்சையம் மக்னீசியத்தை இழப்பதும் ஒரு காரணம் என்றேன். அதிலிருந்து வரும் பியோபோர்பைட்டு என்ற பொருள் 670 நானோமீற்றருக்குப் பக்கத்தில் சிவப்பு ஒளியைப் பிடிக்கும், அதையும் இதே சிகிச்சைக்காக ஆராய்கிறார்கள் என்றும் சொன்னேன். அம்மா தன் விரல் நுனிகளில் படிந்திருந்த கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நம்ம வேலையும் ஒண்ணுதானா?" என்றார்.

அடுத்த பனி நாளுக்காகக் காத்திருந்து, திரையை இழுத்து, அதே சாயத்தை மறுபடி வைத்தேன். மறுநாள் நுண்காட்டியில், ஒளி பட்ட தட்டில் கலங்கள் உருண்டு மிதந்தன. மற்றதில் அடித்தளத்தை இறுகப் பற்றிக்கொண்டு பரந்து கிடந்தன. சேரைக் கூப்பிட்டு முதலில் இருட்டுத் தட்டைத்தான் காட்டினேன்.