டிஸ்கஸ் தொட்டியின் அடித்தளத்துக்கு எந்த மீன்?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டிஸ்கஸ் என்ற தட்டு வடிவ அலங்கார மீனை வளர்ப்பவர்கள் தரையைச் சுத்தம் செய்ய முதலில் வாங்குவது சக்கர் மீன். தயவுசெய்து வேண்டாம். இரவில் அது டிஸ்கஸின் உடலில் ஒட்டிக்கொண்டு மேலே படிந்த வழுவழுப்பைச் சுரண்டித் தின்னும். அந்த இடம் புண்ணாகி, பூஞ்சை பிடிக்கும். போதாததற்கு ஒரு அடிக்கு மேல் வளர்ந்து, கழிவையும் கூட்டும்.

டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். தரையில் மேயும் சிறு கெளுத்தியான கோரிடோரஸில் (சுருக்கமாக கோரி) பெப்பர்டு போன்ற குளிர்நீர் வகைகள் அந்தச் சூட்டில் நாளடைவில் நலிந்துவிடும். ஸ்டெர்பாய் கோரிடோரஸ் தாங்கும். என் முதல் தேர்வு அதுதான். ஆறு மீனாவது சேர்த்து விடுங்கள், தனியாக விட்டால் ஒளிந்தே கிடக்கும். கண்ணாடிப் பாசிக்கு பிரிசில்நோஸ் என்ற, பாசி மேயும் சிறு கெளுத்தி ஒன்றே ஒன்று போதும், 28 டிகிரியைத் தாண்டாத தொட்டி என்றால்.

தரைக்கு மென்மையான ஆற்று மணல் இரண்டு செ.மீ. போதும். கூரான கல் கோரியின் மீசையைத் தேய்த்துவிடும். மணவாளக்குறிச்சி, முட்டம் கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள்: உப்பும் சிப்பித்தூளும் தண்ணீரைக் கடினமாக்கும், டிஸ்கஸுக்கு வேண்டியதோ மென்னீர்.

இன்னொன்று, கோரி மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. மிஞ்சிய தீனியைத்தான் பொறுக்கும். அதனால் குழாயால் கழிவை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் வேலை குறையாது. விளக்கணைத்த பிறகு மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும். புது மீனை நான்கு வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே சேருங்கள்.