ஜெனரல் குமாரமங்கலத்துக்கு ஒரு வணக்கம்

குமாரமங்கலம் என்றதும் பலருக்கு மத்திய அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலம்தான் ஞாபகம் வரும். அவருடைய அண்ணன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், இந்திய ராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர். நம் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

1933இல் பீரங்கிப் படை அதிகாரியானார். இரண்டாம் உலகப் போர், 1942 மே 27, லிபியப் பாலைவனம். பீர் ஹக்கீம் அருகே இத்தாலிய டாங்கிகள் அலை அலையாக வந்தன. நம் பீரங்கி வீரர்கள் இடத்தை விட்டு நகராமல், டாங்கிகளை நேருக்கு நேர் குறிபார்த்துச் சுட்டார்கள். அங்கே காட்டிய துணிச்சலுக்குத்தான் அவருக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம். அந்த வருடமே போர்க்கைதியானார். இத்தாலிய முகாமிலிருந்து தப்பினார், மறுபடி பிடிபட்டார், அப்புறம் ஜெர்மனியில் சிறை. இவ்வளவும் பட்டுவிட்டு, திரும்பி வந்து அதே சீருடையை மாட்டிக்கொண்டாரே, அந்த மனவுறுதிக்குத்தான் முதல் வணக்கம்.

1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை தலைமைத் தளபதி. 1967இல் சிக்கிம் எல்லையில், நாதுலாவில், சீனப் படையை நம் வீரர்கள் உறுதியாக எதிர்த்து நின்றது இவர் காலத்தில்தான். 1970இல் பத்ம விபூஷண். 2000 மார்ச்சில் காலமானார். இவரிடமிருந்து பொறுப்பேற்றவர் சாம் மானெக்‌ஷா.