தரையிலும் தண்ணீரிலும்

எங்கள் சி.எஸ்.ஐ. கோயில் ஆராதனையில் லித்தானியா என்று ஒரு நீண்ட மன்றாட்டு ஜெபம் உண்டு. அதில் ஓர் இடம் வரும். தரை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பயணம் போகிற எல்லாரையும் காக்கும்படி கேட்கிற இடம். ஐயர், அதாவது எங்கள் போதகர், வாசிக்க, சபையார் நாங்கள் பதில் சொல்லுவோம். நாற்பது வருஷமாகப் பாளையங்கோட்டையில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். அந்த வரியை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. வாய் சொல்லும், மனசு கறிக்கடைக் கூட்டத்தையோ, பாதியில் நிற்கும் வீட்டு வேலையையோ நினைத்துக்கொண்டிருக்கும். 2023 நவம்பருக்கு அப்புறம்தான் அந்த இடம் வந்தாலே தொண்டை அடைக்க ஆரம்பித்தது.

மகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இது பெரிய அதிசயம் இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கப்பலில் இருக்கிறார்கள். அந்த மாதம் 19-ம் தேதி, செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற கப்பலை ஹெலிகாப்டரில் வந்து இறங்கி ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் பிடித்தார்கள். அதில் வேலை பார்த்த 25 பேரில் பிலிப்பைன்ஸ்காரர்கள் அதிகம். உக்ரைன், பல்கேரியா, ருமேனியா, மெக்ஸிகோ பிள்ளைகளும் இருந்தார்கள். துப்பாக்கியோடு மேல்தளத்தில் ஓடுகிற அந்த வீடியோவை டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். என் மனைவி ஒரு தடவைதான் பார்த்தாள். அதன் பிறகு செய்தி நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மகனுடைய கப்பல் செங்கடல் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகப் போக ஆரம்பித்தது. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம். “சுத்திப் போறதுதாம்ப்பா பத்திரம், அம்மாட்ட சொல்லுங்க” என்றான். சொன்னேன். 2024 மார்ச் 6-ம் தேதி ஏடன் வளைகுடாவில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்துபோனார்கள். உயிர் தப்பியவர்களை நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா போய் மீட்டது. அவர்களில் ஒருவர் இந்தியர். அன்று இரவு எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. விடியற்காலம் அவள் சொன்னாள்: “என்னங்க, இடையன்குடிக்குப் போயிட்டு வருவோமா?”

அது அவளுடைய ஆச்சி ஊர்ப் பக்கம். சின்னப் பிள்ளையில் பண்டிகைக்கு ஆச்சியோடு அங்குள்ள கோயிலுக்குப் போயிருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் வேறு. சரி என்று சனிக்கிழமை திசையன்விளை பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

நாங்குநேரி தாண்டியதும் காற்றாலைகள் வரிசை கட்டி வருகின்றன. போகப் போக மண் சிவக்கிறது, பனை கூடுகிறது. திசையன்விளையில் ஓர் அண்ணாச்சி பனையோலைப் பட்டையில் பதனீர் ஊற்றிக் கொடுத்தார். “கோயிலுக்கா போறீங்க? குடிச்சிட்டுப் போங்க, அங்க வெயிலு” என்று அவராகவே இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அங்கிருந்து இடையன்குடிக்கு ஆட்டோ.

1841-ல் மிஷனரி கால்டுவெல் சென்னையிலிருந்து நீலகிரி, மதுரை என்று சுற்றிக் கால்நடையாகவே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். நேர் நேராகத் தெருக்கள் போட்டு ஊரை ஒழுங்குபடுத்தியதும் அவர்தான். அவருடைய மனைவி எலைசா நாகர்கோவில் மிஷனரி வீட்டுப் பெண். ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்து அவர்கள் கையில் நாலு காசு புழங்க வைத்தவர். கால்டுவெல் என்றதும் எல்லாரும் 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத்தான் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. 1849-ல் இந்தச் சீமை மக்களைப் பற்றி அவர் எழுதியது பலரைப் புண்படுத்தியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வேறொன்றுதான் மனசில் ஓடியது. அவர் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்து இறங்கியது 1838-ல். சூயஸ் கால்வாய் திறந்ததோ 1869-ல். அப்படியென்றால் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுப் பிள்ளை, மாதக்கணக்கில் கடலில். வழியனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவர்களுக்குக் கடிதம் ஒன்று வந்து சேர எத்தனை மாதம் ஆகியிருக்கும்? என் மகனாவது நெட்வொர்க் கிடைக்கும்போது ‘சாப்பிட்டேன்’ என்று ஒரு வார்த்தை அனுப்புகிறான்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வந்து கதவைத் திறந்துவிட்டார். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே கல்லின் குளிர்ச்சி. கூர் வளைவு ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் நீள நீளமாகத் தரையில் கிடந்தது. 1847-ல் அஸ்திவாரம் போட்ட கோயில், பிரதிஷ்டை ஆனது 1880-ல். முப்பத்து மூன்று வருஷம். நடுவில்தான் தாது வருஷப் பஞ்சம். சனம் சோற்றுக்கில்லாமல் செத்த காலம். அந்த நாட்களிலும் இந்தச் சுவர் பாதியில் நின்றிருக்கும், பக்கத்தில் ஜெபமும் நடந்திருக்கும். 1891-ல் கொடைக்கானலில் கால்டுவெல் இறந்ததும் உடலை இங்கேதான் கொண்டுவந்தார்கள். ஆல்டர் என்கிற பலிபீடத்துக்குக் கீழே அடக்கம்.

முழங்கால் போட்டேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. பெஞ்சில் ஒரு ஜெபபுத்தகம் கிடந்தது, அதை எடுத்துப் பிரித்தேன். லித்தானியாப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் தாள் பழுத்து, கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை. எத்தனையோ பேர் விரல் வைத்த இடம். தமிழ் ஜெபபுத்தகத்தைத் திருத்தியவர்களில் கால்டுவெல்லும் ஒருவர். மெதுவாக வாசித்தேன். சகல தேசங்களுக்கும் சமாதானம் கேட்கிற வரி முதலில் வந்தது. இத்தனை வருஷம் அதை ‘உலகம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். முகமே இல்லாத ஜெபம். அன்றைக்கு அங்கே முகங்கள் வந்தன.

மகன் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. அவனுடைய சீஃப் இன்ஜினியர் உக்ரைன்காரர், செகண்ட் ஆபீஸர் ரஷ்யாக்காரர். 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு நாடும் அடித்துக்கொள்கின்றன. கப்பலில் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். போர் என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுப்பதில்லையாம். உக்ரைன்காரர் ஊரில் குண்டு விழுந்த ராத்திரி, அவருடைய டியூட்டி முறையில் வேறு ஆள் நிற்க ஏற்பாடு செய்தது அந்த ரஷ்யாக்காரர்தான். இதைக் கேட்டபோது ‘அப்படியா’ என்று விட்டுவிட்டேன். இடையன்குடியில் முழங்காலில் நின்றபோதுதான் நெஞ்சில் இறங்கியது. அவர்கள் இரண்டு பேருக்காகவும், காஸாவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்காகவும், பிணையாகப் பிடித்துப் போனவர்களுக்காக இஸ்ரேலில் காத்திருக்கிற தகப்பன்களுக்காகவும் கேட்டேன். அப்புறம் தண்ணீர் வழிப் பயணிகள் வரி வந்தது. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

மனைவி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பொருத்தனையாக நேர்ந்து வைத்திருந்த காசைக் காணிக்கைப் பெட்டியில் போட்டாள். நான் எவ்வளவு என்று கேட்கவில்லை.

திரும்பும்போது, “இவ்வளவு தூரம் வந்தாச்சு, உவரி பக்கத்துலதானே” என்றாள். அங்கே கடலோரத்தில் இருக்கிற கத்தோலிக்க அந்தோணியார் கோயிலில் எந்த நாளும் கூட்டம்தான். எல்லா மதத்துக்காரரும் வருகிறார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள், கத்தோலிக்கர் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவள் நேராகக் கடைக்குப் போய் மூன்று வாங்கினாள்.

“எதுக்கு மூணு?”

“ஒண்ணு நம்ம பிள்ளைக்கு. ஒண்ணு, பிடிச்சு வச்சிருக்காங்களே, அந்த இருபத்தஞ்சு பேருக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “இன்னொண்ணு, நம்ம பிள்ளை கப்பல்ல இருக்குற அந்த ரெண்டு பேரோட அம்மாமாருக்கு.”

அந்த 25 பேரையும் 2025 ஜனவரியில்தான் விட்டார்கள். நாங்கள் உவரியில் நின்ற அன்று அவர்கள் பிடிபட்டு நாலாவது மாதம். கடற்காற்று பலமாக இருந்தது. முதல் இரண்டும் பிடித்துக்கொண்டன. மூன்றாவது இரண்டு தடவை அணைந்தது. பக்கத்தில் நின்ற வலைக்கார அம்மா ஒருவர் ஒன்றும் கேட்காமல் முந்தானையை விரித்துக் காற்றுக்கு மறைவாகப் பிடித்தார். மனைவி மறுபடி தீக்குச்சி கிழித்தாள்.