ஒரு நாளைக்கு ஒரு படம், நாலு வரி

2023 ஆகஸ்டில் மனநல மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தபோதுகூட, மனசு சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கமில்லை, வயிறு எரிகிறது, 9 கிலோ எடை குறைந்துவிட்டது என்றுதான் சொன்னேன். தூத்துக்குடியில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் 14 வருடமாக ஆவணங்கள் பார்க்கிறவன் நான். ஷிப்பிங் பில்லில் ஒரு எண் மாறினால் கண்டெய்னர் அப்படியே நின்றுவிடும். அந்த வேலையில் ஒரே வரியை ஏழெட்டுத் தடவை படித்தும் மண்டையில் ஏறாத நிலைக்கு வந்திருந்தேன். விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். அம்மா காலையில் "எய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் சொல்லவே பத்து நிமிடம் ஆகும்.

மருத்துவர் மனச்சோர்வு என்றார். எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார். மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதுவரை நிறுத்தக்கூடாது என்றார். அந்த மூன்று வாரம்தான் கொடுமை. ஒரு ராத்திரி, இனி விடியவே வேண்டாம் என்று தோன்றியபோது 14416-க்குப் போன் போட்டேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசினார்கள். மறுநாளே என் மருத்துவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள், போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவும் கவிதையும் என்னைக் காப்பாற்றின என்று எழுதினால் அது பாதி உண்மை. மாத்திரை தரையைக் கொடுத்தது. படமும் கவிதையும் அந்தத் தரையில் நடக்கப் பழக்கின.

செப்டம்பரில் ஆலோசகர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை போக ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் வாயே திறக்க முடியவில்லை. "சரி சார், பேச வேண்டாம். தினமும் வீட்டைவிட்டு வெளியே போய் போனில் ஒரே ஒரு படம் எடுங்க. நல்லா வரணும்னு இல்ல. ஒண்ணுதான், ரெண்டாவது வேண்டாம்" என்றார். ஒரு படத்துக்காகவாவது சட்டை மாட்டி, செருப்புப் போட்டு, தெருவில் இறங்க வேண்டுமே. ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் காலை நகர்த்து, மனசு பின்னால் வரும் என்பதுதான் கணக்கு. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை, செய்தேன்.

30 நாள் கழித்து போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சாக்கடை மூடி, பேப்பர் கப், அறுந்த கயிறு, படிக்கட்டின் ஓரம். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "சார், 30 படத்திலயும் வானம் இல்ல, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. ஒரு மாதமாகத் தலை குனிந்தே நடந்திருக்கிறேன். அதை என் வாயால் சொல்லியிருக்கவே மாட்டேன், படங்கள் சொல்லிவிட்டன. அந்த அறையில் நான் முதல்முறை அழுதது அன்றைக்குத்தான்.

இந்த முறையைப் பற்றி அப்புறம் தேடிப் படித்தேன். கனடாவில் வான்கூவரைச் சேர்ந்த ஜூடி வைசர் என்ற உளவியலாளர் பல வருடங்களாக இதைச் செய்தும் கற்றுக்கொடுத்தும் வந்தவர். சிகிச்சையாளர் கூட இருந்து படத்தை வைத்துக் கேள்வி கேட்பது ஒன்று, நாமாகவே படமெடுத்து ஆறுதல் தேடுவது இன்னொன்று என்று அவர் பிரிக்கிறார். இரண்டையும் செய்து பார்த்த எனக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வானம் இல்லை என்பதை நான் தனியாகக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கவிதை பக்கம் வந்தது வேறு வழியாக. முதலில் நான் எழுத ஆரம்பித்தது டைரி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதைப் பாதித்த விஷயங்களை எழுதவைத்தார். எழுதிய உடனே மனம் கனத்தாலும், அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்திருந்தது. சரி என்று நானும் உட்கார்ந்தேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. 15 நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஆனது. 'எனக்கு ஏன்', 'நான் ஏன்' என்று பக்கம் பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். எழுதி முடித்த ராத்திரிகளில் தூக்கம் இன்னும் கெட்டது. ஆலோசகர் நோட்டைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு நிறுத்துங்கள் என்றார். மனச்சோர்வில் இருப்பவர்களின் எழுத்தில் 'நான்' வழக்கத்தைவிட அதிகமாக வருவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரே பக்கத்தில் எண்ணினேன். 31 'நான்'.

அதிலிருந்துதான் எனக்கு நானே ஒரு விதி போட்டேன். அன்றைய படத்துக்குக் கீழே நாலு வரி, அதிகம் போனால் ஐந்து. அதில் 'நான்', 'என்' வரக்கூடாது. துறைமுகச் சாலையில் லாரிகள் ஏறி ஏறித் தட்டையாகிப்போன ஒரு செருப்பைப் படமெடுத்திருந்தேன். முதலில் எழுதியது, 'நானும் இந்தச் செருப்பு மாதிரிதான்' என்று. அடித்தேன். 'யாரும் தேடாத செருப்பு' என்று எழுதினேன். அதிலும் நான்தான் ஒளிந்துகொண்டிருந்தேன், அதையும் அடித்தேன். அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வார் கண்ணில் பட்டது.

ஒற்றைச் செருப்பு.
லாரிகள் ஏறிப் போகின்றன.
வார் மட்டும் இன்னும்
கால் நுழையும் வளைவில்.

இது பெரிய கவிதை ஒன்றுமில்லை. ஆனால் இதை எழுதிய அந்த 20 நிமிடமும் நான் செருப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதத்துக்கு அப்புறம் என்னைத் தவிர வேறொன்றை அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஐந்திணை அப்போது ஞாபகம் வந்தது. கடலோர நிலமான நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், அதாவது பிரிவில் வருந்துவது; பொழுது எற்பாடு, சூரியன் சாயும் நேரம். தலைவியின் துக்கத்தைச் சொல்லக் கடலும் புன்னையும் நாரையும் வரும். அன்றைக்கு அது பரீட்சைக்கு இரண்டு மார்க். நெய்தல் நிலத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, உள்ளே இருப்பதை வெளியே இருப்பதை வைத்துச் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று 41 வயதில்தான் உறைத்தது.

ஒரு தப்பும் செய்தேன். கொஞ்சம் தெம்பு வந்ததும் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டேன். ஒரே வாரத்தில், எது எடுபடும் என்று பார்த்துப் படமெடுக்க ஆரம்பித்துவிட்டேன். லைக் குறைந்த அன்று ராத்திரி மறுபடி 3 மணி. கணக்கை மூடிவிட்டு 40 பக்க நோட்டுக்குத் திரும்பினேன். அதைப் படிக்க இரண்டே பேருக்கு அனுமதி. ஒருவர் ஆலோசகர், இன்னொருவர் மனைவி. மனைவி முழுக்கப் படித்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா வீட்டு ஆளு ஒருத்தர்கூட இதுல இல்லையே" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். மறுநாள் அம்மா சின்ன வெங்காயம் உரிக்கும் கையை எடுத்தேன். அந்தப் படத்துக்கு இன்றுவரை நாலு வரி வரவில்லை. பக்கத்தை அப்படியே காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபரில் வானம் மூடத் தொடங்கியதும் உப்பளங்களில் வேலை ஓயும். வாரிக் குவித்த உப்பை அம்பாரம் அம்பாரமாக மூடி வைப்பார்கள். ஓலை போட்டு மூடிய ஒரு அம்பாரத்தை எடுத்து இப்படி எழுதினேன்.

மழைக்கு முன்
ஓலை போர்த்திக்கொண்டது உப்பு.
கரையத் தெரிந்த ஒன்று
கரையாமல் காத்திருக்கிறது.

ஆலோசகருக்கு இது மிகவும் பிடித்திருந்தது, எனக்கும்தான். டிசம்பர் 17, 18-இல் அந்த மழை வந்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். என்னிடம் மாத்திரை 4 நாளுக்குத்தான் இருந்தது. இந்த மருந்தைத் திடீரென்று விட்டால் தலைசுற்றும், எரிச்சல் வரும். மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தம்பி தண்ணீரில் நடந்துபோய் ஒரு அட்டை வாங்கி வந்து கொடுத்தான். அதிலிருந்து 15 நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் உப்பளத்துக்குப் போனேன். அம்பாரம் இருந்த இடத்தில் கலங்கிய தண்ணீர்தான் நின்றது. கவிதையே பொய்யாகிவிட்ட மாதிரி இருந்தது. மூன்று வாரம் படமும் எடுக்கவில்லை, எழுதவும் இல்லை. மாத்திரையை மட்டும் விடவில்லை. ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. "அந்தக் கவிதையை அடிக்காதீங்க. அன்னைக்கு அது உண்மைதானே" என்றார்.

பிப்ரவரியில் ஒரு காலை மறுபடி அந்தப் பக்கம் போனேன். வெள்ளம் கொண்டுவந்த சேற்றை வழித்துவிட்டுப் பாத்தியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்று களிமண்ணை மிதித்து இறுக்கினார்கள். குதிகாலை ஊன்றி, சற்றே திருகி, அடுத்த அடி. அந்த ஈரத்தில் வரிசை வரிசையாகப் பாதங்கள். போனை எடுத்தேன்.

ஒரு அக்கா நிமிர்ந்து, "காலையாய்யா போட்டோ எடுக்கீங்க?" என்று கேட்டார். ஆமாக்கா என்றேன். சிரித்துவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார். இன்னும் கிட்டப் போய் எடுக்கலாம் என்று நான் காலை எடுத்து வைத்தபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"அங்கன மிதிச்சிராதீங்க. அது இன்னும் இறுகல."