கோலாலம்பூரில் சர்வதேச ஸ்கிராபிள்: தமிழ்ப்பள்ளியில் படித்தவனின் அனுபவம்

ஆங்கிலப் புலமை இருந்தால்தான், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளில் சர்வதேச அளவில் ஆடலாம் என்று நினைத்து நம்மவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். வீட்டில் தமிழ், வேலையிடத்தில் மலாய். கோலாலம்பூரில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு ஆடிவிட்டு வந்து சொல்கிறேன், இது மனப்பாடமும் கணக்கும் சேர்ந்த ஆட்டம். 2003-இல் உலகச் சாம்பியன் போட்டி இதே ஊரில் நடந்தபோது பட்டத்தை வென்றவர் தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயகோர்ன். மலேசியாவில் வசிக்கும் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை அடித்தார்.

பெயர் கொடுப்பது, பணம் கட்டுவது எல்லாம் சுலபம். தயாரிப்புதான் ஆளை வாங்கிவிடும். முதலில் இரண்டெழுத்துச் சொற்கள். போட்டியில் செல்லும் சொற்களைத் தரும் காலின்ஸ் பட்டியலில் அவை மட்டும் 120-க்கு மேல். அப்புறம் ஏழெழுத்துச் சொற்கள். ஏழு கட்டைகளையும் ஒரே நேரத்தில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல், அதற்குப் பெயர் பிங்கோ. செந்தூலில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் பயிற்சிக்கூடம். எழுத்துகளை ஆங்கில வரிசையில் அடுக்கி அக்கா வாசிப்பார்: "ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி... சொல்லுடா தம்பி." அந்த ஏழு எழுத்தையும் மாற்றிப்போட்டு ரீடெயின்ஸ், நாஸ்டியர், ரெட்டினாஸ் என்று நான் அடுக்க வேண்டும். "இன்னும் இருக்கு, விடாதே" என்பார். அர்த்தத்தை நாங்கள் தேடியதே இல்லை.

போட்டி மண்டபத்தில் பேச்சுச் சத்தம் குறைவு, பையில் கட்டைகள் குலுங்கும் சத்தம்தான் அதிகம். பையைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துத்தான் கட்டை எடுக்க வேண்டும், உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி. கட்டைகளும் வழவழப்பானவை, விரலால் தடவி எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எதிராளியின் சொல்லில் சந்தேகம் வந்தால், அவர் புதுக் கட்டை எடுப்பதற்குள் "ஹோல்ட்" (பொறுங்கள்) சொல்லிவிட வேண்டும். சேலஞ்ச் செய்தால், அதாவது அந்தச் சொல் செல்லாது என்று மறுத்தால், கடிகாரத்தை நிறுத்திவிட்டு இருவரும் எழுந்து கணினிக்குப் போவோம். சொல் செல்லுமா, செல்லாதா என்பதை மட்டும்தான் திரை காட்டும். செல்லாவிட்டால் அவர் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார், அந்த முறைக்குப் புள்ளி இல்லை. செல்லுமென்றால், நாங்கள் ஆடிய விதிப்படி, சந்தேகப்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு 5 புள்ளி.

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் ஒரு தாய்லாந்துக்காரரோடு ஆடியது. மொத்தம் 100 கட்டைகள். பலகையில் விழுந்ததை எல்லாம் தாளில் உள்ள எழுத்துப் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தால், பை காலியானதும் எதிராளியின் கையில் என்னென்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அவர் கையில் க்யூ இருந்தது. பலகையில் அதை வைக்க ஒரே ஓர் இடம், 'ஐ' எழுத்துக்குப் பக்கத்தில், 'QI' என்ற இரண்டெழுத்துச் சொல்லாக. எனக்கு வேறோர் இடத்தில் இருபதுக்கு மேல் புள்ளி கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு, ஆறே புள்ளிக்கு அந்த இடத்தை அடைத்தேன். அவர் பலகையையே வெகுநேரம் பார்த்தார், பிறகு மெல்லத் தலையாட்டினார். நான் முதலில் கட்டைகளைத் தீர்த்தபோது அவர் கையில் க்யூ மட்டும்தான் மிச்சம். அதன் மதிப்பு 10, எனக்கு இரட்டிப்பாக 20. அந்த 20-இல்தான் வென்றேன். இருவரும் புள்ளிச் சீட்டில் கையெழுத்துப் போட்டோம். அவர் சிரித்தபடி என் தாளைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். ஆட்டம் முழுவதும் எங்களுக்குள் நாலு வார்த்தைகூடப் பேச்சில்லை.

இறங்க நினைப்பவர்கள் வீட்டிலேயே கடிகாரம் வைத்து ஆடிப் பழகுங்கள். ஒருவருக்கு 25 நிமிடம்தான், அதைத் தாண்டும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளி கழிப்பார்கள். கடைசிக் கட்டைகளை எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடமாவது கையில் வைத்திருங்கள்.